எட்டாவது திணை

அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் வகுத்தார். ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை, பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை, நடுவே ஐந்து. அந்த ஐந்திலும் நான்குக்கு மட்டுமே நிலம் கொடுத்தார், பாலைக்குக் கொடுக்கவில்லை. ஆள் தங்காத இடத்துக்குப் பட்டா எதற்கு என்று நினைத்திருப்பார். நியாயமான முடிவுதான். ஆனால் அவர் காலத்தில் நுண்ணோக்கி இல்லை. இருந்திருந்தால், கொதிக்கும் சுனையிலும் கந்தக அமிலத்திலும் உப்புப் பாத்தியிலும் அணுக்கழிவு கசிந்த மண்ணிலும் கோடானுகோடிப் பேர் குடியிருப்பதையும், அவர்களில் ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் நிலம்கூடப் பதிவாகாததையும் கண்டு உரிய நூற்பா செய்திருப்பார். அவர் விட்ட இடத்தை நிரப்பத் தகுதியுள்ள புலவர் எவரும் இதுவரை முன்வராத காரணத்தால், ஆகாத்திணை என்னும் எட்டாவது திணையை இக்கட்டுரை முன்மொழிகிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்தை வரையறுக்கப் புகுந்த உடனே ஒரு தடை எழுகிறது: ஆகாது என்றால் யாருக்கு ஆகாது? 1974-இல் மக்எல்ராய் என்ற அறிஞர் இவ்வுயிர்களுக்கு எக்ஸ்ட்ரீமோஃபைல் என்று பெயரிட்டார். எல்லை கடந்த இடங்களை விரும்புவோர் என்பது கருத்து. எல்லைக்கல் நட்டவர் யாரென்று விசாரித்தால், 20 டிகிரியில் கம்பளியும் 30 டிகிரியில் ஏசியும் கேட்கிற ஓர் இனம். ஆழ்கடல் அடியில் வெந்நீர் பீறிடும் வாய்களில் மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்றொரு நுண்ணுயிர் வாழ்கிறது. அதன் இனத்தில் முதலில் விவரிக்கப்பட்ட வகை 84 டிகிரிக்குக் கீழே வளர்வதில்லை. அக்னி நட்சத்திரத்தின்போது வேலூரில் கொண்டுவந்து விட்டால் அது குளிரில் முடங்கிவிடும். ஆனால் எல்லை வகுத்தபோது அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எனவே நம் வரையறையே நடப்பில் இருக்கிறது. நானும் அதையே பின்பற்றுகிறேன்.

சூட்டுக்கு மேல் எல்லை எது என்பதில் அண்மைக் காலத்தில் ஒரு வழக்கு நடந்தது. மருத்துவமனைகளில் கத்தியையும் கத்தரியையும் கிருமி நீக்க வைக்கும் ஆட்டோகிளேவ், பார்க்கப்போனால் பெரிய பிரஷர் குக்கர்தான். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். இதற்குத் தப்பும் உயிர் இல்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் அறுவை மருத்துவம் நிற்கிறது. 2003-இல் காஷெஃபி, லவ்லி என்ற இருவர், பசிபிக் ஆழ்கடல் வெந்நீர் வாயிலிருந்து வந்த ஓர் உயிரை அந்த 121 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். அது சாகவில்லை என்பது மட்டுமல்ல. ஒரு நாளில் இரண்டு மடங்காகப் பெருகியிருந்தது. 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பெருக்கம் நின்றது, உயிர் நிற்கவில்லை. 103-க்கு இறக்கியதும் விட்ட இடத்தில் தொடங்கிவிட்டது. அதற்கு ஸ்ட்ரெயின் 121 என்று பட்டம் கொடுத்தார்கள். 2008-இல் தகாய் என்ற ஜப்பானியரின் குழு, இந்தியப் பெருங்கடல் நடுமுகட்டில் எடுத்த ஒரு மெத்தனோபைரஸை மிகை அழுத்தத்தில் வைத்து 122 டிகிரியில் வளர்த்துக் காட்டியது. ஒரு டிகிரியில் பட்டம் கைமாறியது. இந்த இரண்டும் நம் உடல் சூட்டில் வளராது என்பதால் மருத்துவமனைகள் வழக்கம்போல் இயங்கலாம்.

அந்த ஆட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதும் இத்திணையைச் சேர்ந்தவரே. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற வெப்ப விரும்பியின் வித்துகளை ஒரு காகிதத் துண்டில் தடவி, மற்றக் கருவிகளோடு உள்ளே அனுப்புவார்கள். வித்து செத்தால் இயந்திரம் தேர்ச்சி. ஆய்வாளர் உயிரோடு திரும்பினால் இயந்திரம் பழுது. இந்தப் பதவிக்கு ஓய்வூதியம் கிடையாது.

இனி உரிப்பொருள். இத்திணையின் சுவையெல்லாம் இங்கேதான். ஆகாத்திணையின் உரிப்பொருள் பொருள்வயிற் பிரிவு என்பது என் துணிபு. பிரிகிறவன் நொதி, ஆற்றியிருப்பவள் நுண்ணுயிர். பொருள் தேடிப் போகிற பழைய தலைவன், கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லிவிட்டுப் போவான். நொதி அதையும் சொல்வதில்லை. கடல் கடந்து போகும்போது தலைவியை உடன் அழைத்துச் செல்வதில்லை என்ற பழைய வழக்கை மட்டும் நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கிறது.

சான்று காட்டுவேன். 1966-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற வெந்நீர்ச் சுனையில், இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக்கும் அவருடைய இளநிலை மாணவர் ஹட்சன் ஃப்ரீசும் மாதிரி எடுத்தார்கள். அதற்கு முன் வெப்ப விரும்பிகளைத் தேடியவர்கள் வளர்ப்புப் பெட்டியை 55 டிகிரியில் வைத்துத் தேடினார்கள். 55-இல் வாழ்பவை கிடைத்தன. அதோடு தேடலை முடித்துக்கொண்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனவர் தெருமுனை டீக்கடையோடு திரும்பிவிடுவது போல. பிராக் பெட்டியை 70-க்கு மேல் ஏற்றினார். தெர்மஸ் அக்குவாட்டிகஸ் வந்தது. 1969-இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அதே உயிர் தங்கள் ஊர் வெந்நீர்க் குழாயிலும் இருப்பதாக அந்தக் கட்டுரையிலேயே குறித்தார்கள். எட்டாவது திணை குளியலறைவரை வருகிறது என்பதற்கு இது சான்று. எல்லை அளக்கும் சர்வேயருக்கு இது கூடுதல் தலைவலி.

பிராக் காப்புரிமை கேட்கவில்லை. கேட்பவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று நுண்ணுயிரைப் பொதுச் சேமிப்பகம் ஒன்றில் ஒப்படைத்தார். தலைவியைத் தோழியிடம் ஒப்படைத்தார் என்று கொள்க. 1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் முதலானோர் அதிலிருந்து மரபிழை (டி.என்.ஏ.) கட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏழாண்டுகள் கழிந்தன.

1983-இல் சீட்டஸ் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி முல்லிஸ், இரவில் கலிஃபோர்னிய மலைச்சாலையில் காரோட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று நினைத்தார். மரபிழை இரட்டை வடம். 95 டிகிரிக்குச் சுட வைத்தால் வடம் இரண்டாகப் பிரியும். சற்றுக் குளிரவிட்டு, வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு தொடக்கத் துண்டுகளைச் சேர்த்தால், பாலிமரேஸ் என்ற நொதி இரண்டுக்கும் இணை கட்டித் தரும். ஒன்று இரண்டாகும். மறுபடி சுட வைத்தால் நான்கு. 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். பி.சி.ஆர். என்பது இவ்வளவுதான். குறை ஒன்றே ஒன்று. அன்று கையில் இருந்தது ஈ.கோலையின் பாலிமரேஸ். மனிதக் குடலில் 37 டிகிரியில் செல்லமாக வளர்ந்தவரிடம் எடுத்தது, 95-இல் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் செத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புது நொதி ஊற்ற ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் யாருக்கோ சேமிப்பகத்துத் தோழியின் நினைவு வந்தது. தெர்மஸின் நொதி, டாக் என்று செல்லப் பெயர், கொதிநிலைக்கு அருகில் முப்பது நாற்பது முறை போய்வந்தும் சோர்வடையவில்லை. பக்கத்தில் நின்ற ஆளுக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது.

பொருள்வயிற் பிரிவில் பொருள் எவ்வளவு என்று கேட்பது மரபல்ல. ஆனால் இது ஆய்வுக் கட்டுரை என்பதால் கணக்கைக் காட்ட வேண்டும். 1989-இல் ‘சயன்ஸ்’ இதழ் ஆண்டின் மூலக்கூறு என்ற விருதைத் தொடங்கி முதல் விருதை இந்த நொதிக்கே தந்தது. 1991-இல் பி.சி.ஆர். உரிமைகளை ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. முல்லிசுக்கு அவருடைய நிறுவனம் கொடுத்த ஊக்கத்தொகை 10,000 டாலர். 1993-இல் நோபல் பரிசும் வந்ததால் மனக்குறை ஓரளவு தீர்ந்திருக்கும். பிராக்குக்குப் பணமாக ஒன்றுமில்லை. 2013-இல் அவருக்கும் ஃப்ரீசுக்கும் தங்க வாத்து என்ற பெயரில் ஒரு விருது கிடைத்தது. யெல்லோஸ்டோனுக்கு ஒன்றுமில்லை. தெர்மஸ் அக்குவாட்டிகஸின் பங்கு இப்பட்டியலில் இடம்பெறவில்லை, மறதியால் அல்ல.

பிரிந்த நொதி இன்று யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் உரைத்தாக வேண்டும். டாக் நொதிக்கான மரபணுவை வெட்டி ஈ.கோலைக்குள் வைத்துவிட்டார்கள். ஈ.கோலையே இப்போது அதை மூட்டைக் கணக்கில் செய்து தருகிறது. முதலில் தோற்று வெளியேற்றப்பட்ட அதே ஈ.கோலை. தலைவி சுனையில் ஆற்றியிருக்க, தலைவன் மனிதக் குடலில் பிறந்த வேறொருவர் மனையில் தங்குகிறான். இது பாலை கடந்து மருதத்தில் வந்து நிற்கிற நிலை, அடுத்தது ஊடல். ஆனால் ஊட வேண்டியவளுக்குச் செய்தி போகவில்லை. 2020-இல் நாம் அத்தனை பேரும் வரிசையில் நின்று மூக்கைக் காட்டினோமே, அந்தப் பரிசோதனைக் குழாய்களில் உழைத்தது டாக்கும் அதன் உறவு நொதிகளும். அந்த வகையில் கண்டோர் கூற்று நிகழ்த்தத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் தகுதி உண்டு.

டாக்குக்கு ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: எழுதியதைத் திருப்பிப் படிக்காது. பிழை விழுந்தால் விழுந்ததுதான். இத்தாலியின் வுல்கானோ தீவுக் கடற்கரையில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் 100 டிகிரியில் செழிப்பது. அதன் நொதி ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துத் திருத்தும், ஆனால் மெதுவாக. இரண்டையும் கலந்து விற்கிறார்கள். மெய்ப்புப் பார்ப்பவரைக் கூட வைத்துக்கொள்வது பதிப்புத் துறையில் வழக்கொழிந்த நிலையில், உயிரியல் துறை அதைக் காப்பாற்றி வருவது குறிப்பிடத்தக்கது.

யெல்லோஸ்டோன் நிர்வாகம் 1997-இல் விழித்துக்கொண்டது. பூங்கா தொடங்கி 125 ஆண்டு நிறைவான அந்த ஆண்டில், சுனை நுண்ணுயிர்களிலிருந்து வரும் வருமானத்தில் பங்கு கேட்டு டைவர்சா என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. உடனே வழக்குத் தொடுக்கப்பட்டது. பங்கு கேளாமல் இருந்த 30 ஆண்டுகளில் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை.

எல்லாப் பிரிவும் இவ்வளவு துயரமானதல்ல. சலவைத்தூளை எடுத்துக்கொள்வோம். சோப்பு நீர் காரமானது. சாதாரண நொதி அதில் செயலிழந்துவிடும். கோக்கி ஹோரிகோஷி என்ற ஜப்பானியர் 1968 முதல் காரத்தை விரும்பும் நுண்ணுயிர்களைத் தேடத் தொடங்கினார். தோட்டத்து மண்ணிலேயே வேண்டிய மட்டும் கிடைத்தன. அந்த வழியில் வந்த ஒரு கார நொதியைச் சேர்த்து ஜப்பானின் காவோ நிறுவனம் 1987-இல் ‘அட்டாக்’ என்ற சலவைத்தூளை விற்றது. காலரில் படிந்த அழுக்குக்கு ஒரு திணை தேவையா என்று கேட்கும் தூய்மைவாதிகளுக்கு விடை சொல்ல இக்கட்டுரையில் இடமில்லை.

அமிலத்துக்கு வருவோம். ஸ்பெயினில் ரியோ டின்டோ என்றொரு ஆறு சிவந்து ஓடுகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதற்கு. இரும்பையும் கந்தகத்தையும் தின்று அமிலத்தைக் கழிக்கும் நுண்ணுயிர்கள் அங்கே குடி. இவர்களில் ஒருவரான ஆசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வழிந்த புளித்த நீரில் 1947-இல்தான் கண்டறியப்பட்டார். பாறைக்குள் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் செம்பை இவர்கள் கரைத்து வெளியே விடுவார்கள். ரியோ டின்டோ வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுரங்கம் தோண்டியவர்கள், பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தவர் யாரென்று தெரியாமலே பொருள் ஈட்டினார்கள். இன்று சிலி நாட்டில் செம்புக் கனிமத்தை மலையாகக் குவித்து, அமிலம் தெளித்து, இவர்களை ஏவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் தங்கத்தைச் சுற்றியிருக்கும் தாதுவை அரித்துத் தருவதும் இந்தக் குடும்பமே. வேலைநிறுத்தம் செய்ததில்லை. வேலையை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை என்பதே சிக்கல்: சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் அமிலம் வழிந்துகொண்டே இருக்கும், ஆறுகள் சாகும். இவர்களின் பங்காளி ஒருவர் நகரங்களின் பாதாளச் சாக்கடைக் குழாய்களில் குடியேறி, கந்தக வாயுவைக் கந்தக அமிலமாக்கிக் கான்கிரீட்டை அரிக்கிறார். எந்த ஒப்பந்தக்காரரும் இவர் மேல் பழிபோட்டதாக நான் படித்ததில்லை. தகவல் இன்னும் எட்டவில்லை போலும்.

நெய்தலுக்கும் ஆகாத்திணைக்கும் எல்லைத் தகராறு உண்டு. உப்பளம் நெய்தலுக்கு உரியது. ஆனால் பாத்தியில் நீர் சுண்டி, உப்பு படிகிற கட்டத்தில் தண்ணீர் செம்மை பூக்கிறதே, அந்தச் செம்மை உப்பு விரும்பிகளுடையது. நன்றாக உப்பிட்ட கருவாட்டில் சிவப்பு பூத்து அது வீணாவதும் இவர்களாலேயே. உப்பிட்டால் எதுவும் கெடாது என்று நம்பிய மீனவருக்கு, உப்பிட்டால் மட்டுமே வளர்வோர் உண்டு என்பது பெரிய அதிர்ச்சி. 2020 ஜூனில் மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி இளஞ்சிவப்பானது. விண்கல் விழுந்து உண்டான உவர்நீர் ஏரி அது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போனது. புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனம் மாதிரியைச் சோதித்து, நிறம் மாற்றியோர் ஹாலோஆர்க்கியா என்ற உப்பு விரும்பிகள் என்று தெரிவித்தது. மழை பெய்து உப்பின் செறிவு குறைந்ததும் நிறம் இறங்கியது. இத்திணையைச் சேர்ந்தோர் நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட மிகச் சில தருணங்களில் இது ஒன்று. பணமும் உண்டு: உவர்நீரில் வளரும் டுனாலியெல்லா என்ற பாசியிலிருந்து பீட்டா கரோட்டின் எடுத்து மாத்திரையாக விற்கிறார்கள்.

ஒரே ஓர் உயிருக்கு மட்டும் இத்திணையில் நிலம் ஒதுக்க முடியவில்லை. ஓரிகான் மாநிலத்தின் கோர்வாலிஸில் 1956-இல் ஆர்தர் ஆண்டர்சன் டின்னில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிரால் கிருமி நீக்கப் பார்த்தார். எதுவும் மிஞ்சாது என்று கணக்கிட்ட அளவு கொடுத்த பிறகும் டின் கெட்டது. திறந்தால் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். மனிதரைக் கொல்ல ஐந்தாறு கிரே கதிர் போதும். இது 5,000 கிரேயை வாங்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிய தன் மரபிழையைச் சில மணி நேரத்தில் வரிசை மாறாமல் ஒட்டவைத்துவிடும். வினோதம் என்னவென்றால், அவ்வளவு கதிர் வீசும் இயற்கை நிலம் பூமியில் எங்குமே இல்லை. பிறகு எதற்கு இந்தப் பயிற்சி? 1996-இல் மாட்டிமோர், பட்டிஸ்டா இருவரும் சொன்ன விளக்கம்: வறட்சி. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும்போதும் மரபிழை இப்படித்தான் நொறுங்குமாம். வறட்சிக்குத் தயாரான குடும்பம் அணுகுண்டுக்கும் தயாராகிவிட்டது. கதிரியக்கக் கழிவில் கலந்த பாதரசத்தையும் டொலுவீனையும் மாற்றியமைக்கும்படி இதை ஆய்வகத்தில் திருத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தார் வேறு வழியில் யோசித்தார்கள்: அழியாத நினைவகமாக இதைப் பயன்படுத்தலாமா என்று பார்க்க, ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ பாட்டின் சொற்களை அதன் மரபிழையில் எழுதிவைத்து, திரும்பவும் படித்துக் காட்டி, 2003-இல் வெளியிட்டார்கள். மனித நாகரிகம் முழுதும் அழிந்தாலும் நிற்கக்கூடிய சுவடி ஒன்று கையில் கிடைத்தபோது எழுதப்பட்டது டிஸ்னி பாட்டு.

நம் நாட்டின் பங்களிப்பையும் பதிவு செய்ய வேண்டும். 2005-இல் ஐதராபாத்திலிருந்து இஸ்ரோ ஒரு பலூனை 41 கிலோமீட்டர் உயரம்வரை அனுப்பிக் காற்றைப் பிடித்து வந்தது. அதில் மூன்று புதிய பாக்டீரியாக்கள் கிடைத்ததாக 2009-இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர். ஒன்றுக்கு வானியலாளர் ஃபிரெட் ஹாயில் பெயர். மூன்றாவதற்கு பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ். நிதி கொடுத்த துறையின் பெயரைக் கண்டுபிடிப்புக்குச் சூட்டும் வழக்கம் அடுக்குமண்டலத்தை எட்டிய நாள் அது.

கடைசியாக, இயற்கை தராத ஓர் ஆகா நிலத்தை மனிதர் தம் செலவிலேயே உண்டாக்கியிருக்கிறார்கள்: விண்கலம் பூட்டும் தூய அறை. காற்றை வடிகட்டி, தரையை வேதிநீரால் துடைத்து, உலர்த்தி, தின்ன ஒன்றுமில்லாமல் வைத்திருப்பார்கள். 2013-இல் டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற, புதிய பேரினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் அறிவிக்கப்பட்டது. அதுவரை அது கிடைத்த இடங்கள் இரண்டு: ஃபுளோரிடாவில் ஃபீனிக்ஸ் விண்கலம் தயாரான தூய அறை ஒன்று, தென்னமெரிக்காவின் கூரூவில் ஐரோப்பியரின் தூய அறை மற்றொன்று. 2018-இல் கலிஃபோர்னியாவில் ராகேஷ் மொகுல் தலைமையிலான குழு, இத்தகைய அறைகளில் தங்கும் ஆசினெட்டோபாக்டர் வகைகள் எதைத் தின்று வாழ்கின்றன என்று ஆராய்ந்தது. துடைக்கப் பயன்படும் எத்தனாலை மட்டும் கொடுத்தாலே அவை வளர்ந்தன. எனவே இந்நிலத்துக்குரிய கருப்பொருளைப் பின்வருமாறு நிறுவலாம். தெய்வம்: கோள் பாதுகாப்பு அதிகாரி, நாசாவில் உண்மையிலேயே அப்படியொரு பதவி இருக்கிறது. உணவு: துடைக்கும் திரவம். பறை: காற்று வடிகட்டியின் இரைச்சல். மரம், புள், யாழ் மூன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு, தொப்பியும் காலுறையும் மாட்டாமல் உள்ளே விடமாட்டார்கள்.